சின்னவளுக்கு மட்டும் இரண்டு விநாடி

சலவைக்கடை வீட்டில் சண்டை நடந்தால் தெருவுக்கு மெதுவாகத்தான் தெரியும். சண்டை நடக்காமல் இருந்தால் உடனே தெரிந்துவிடும். துவைக்கும் எந்திரங்களின் இரைச்சலைத் தாண்டிப் பேசிப் பேசி அந்த வீட்டில் எல்லோருக்கும் கத்துவதே பேச்சாகிவிட்டது. யாராவது மெல்லிய குரலில் பேசினால் ஏதோ நடந்திருக்கிறது என்று பொருள். சின்ன மருமகள் வந்த பிறகு பெரிய மருமகள் மெல்லிய குரலில் பேச ஆரம்பித்தாள்.

கீழே முன்பக்கம் கவுண்ட்டர். அங்கே மாமியார், மூக்கு நுனியில் கண்ணாடியோடு. அதற்குப் பின்னால் எந்திரங்கள், அதற்கும் பின்னால் இஸ்திரி மேஜைகள். ஆவியும் சோப்பு வாசனையும் கலந்து எப்போதும் ஒரு மழைக்கால மூட்டம். இஸ்திரி மேஜையை ஒட்டி ஒரு மரப்படி மேலே ஏறும். மேலே ஓர் அறை, ஒரு மேஜை, ஒரு ஜன்னல். அந்த மேஜையில் இத்தனை வருஷமும் உட்கார்ந்திருப்பவள் பெரியவள். வீட்டில் துணியைத் தொடாமல் சோறு தின்கிறவள் அவள் ஒருத்திதான் என்று தெருவில் பேச்சு. அதில் கொஞ்சம் நியாயமும் உண்டு.

மாமியாருக்குக் கடையில் ஒரே ஒரு சட்டம். மூட்டை ஒவ்வொரு மேஜையாகப் போகும். ஒருவர் எண் கட்டுவார், ஒருவர் கறை பார்ப்பார், ஒருவர் நிறம் பிரிப்பார். தன் வேலை முடிந்ததும் வாயைத் திறந்து "அடுத்து!" என்று சத்தமாகச் சொல்லி மூட்டையைத் தள்ளிவிட வேண்டும். வேலையில் குறை இருந்தால் கூட மன்னிப்பு உண்டு. மூட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு பராக்குப் பார்த்தால் மன்னிப்பே கிடையாது.

"கெடுத்தாலும் தொலையட்டும், நிறுத்தி வைக்காதீங்க!" என்பாள்.

பெரியவள் கடைக்கு வலைத்தளம் எழுதியபோது இந்தச் சட்டத்தைத்தான் எழுதினாள். கல்யாணத்துக்கு முன்னால் ஓர் அலுவலகத்தில் ஜாவாஸ்கிரிப்ட்டில் கணினி நிரல் எழுதிக்கொண்டிருந்தவள். வாடிக்கையாளர் போனில் பொத்தானை அமுக்கினால் அந்தக் கோரிக்கை, தளம் ஓடும் கணினியான சர்வருக்கு வந்து சேரும். வந்ததும் நேராகப் பக்கத்துக்குப் போய்விடாது. வழியில் வரிசையாகச் சில துண்டு நிரல்கள் நிற்கும். வந்தது யார் என்று ஒன்று குறித்துக்கொள்ளும், அனுப்பிய விவரத்தை ஒன்று பிரித்துப் பார்க்கும். ஒவ்வொன்றும் தன் வேலை முடிந்ததும் 'நெக்ஸ்ட்' என்று சொல்லும். சொன்னால்தான் அடுத்ததற்குப் போகும். இதற்கு மிடில்வேர் என்று பெயர்.

"மிடில்வேர்னா? உள்ளாடை மாதிரியா?" என்று கேட்டார் அவள் புருஷன். கடையின் வேன் ஓட்டுகிறவர். உலகத்தில் எதைச் சொன்னாலும் அவருக்குத் துணியாகத்தான் படும்.

"ஆமா. வெளிய தெரியாது. இல்லைன்னா மானம் போயிடும்," என்றாள் அவள். அந்தக் காலத்தில் அவளுக்கு நகைச்சுவை இருந்தது.

சின்னவள் வந்தாள். அவளும் இதே தொழில் பார்த்தவள், இன்னும் பெரிய அலுவலகத்தில். வந்து வீட்டின் சாவிக்கொத்து எங்கே தொங்குகிறது என்று தெரிந்துகொள்வதற்குள் மாமியார் சொன்னாள்: "மேல போய் அவ என்ன எழுதி வச்சிருக்கான்னு ஒரு பார்வை பாரும்மா."

'பாரும்மா.' பெரியவளுக்கு முதலில் சுருக்கென்று தைத்தது அந்த 'ம்மா'தான். அவளை மாமியார் இத்தனை வருஷத்தில் 'ஏய்', 'ஏண்டி', 'எங்கடி தொலைஞ்சே' என்று மூன்று பெயர்களில்தான் கூப்பிட்டிருக்கிறாள்.

சின்னவள் பார்வை பார்த்தாள். கட்டில் ஓரத்தில் மடிக்கணினியை முழங்காலில் வைத்துக்கொண்டு, ஒரு நாள் முழுக்கப் பேசாமல் படித்தாள். பிறகு மரியாதையாகத்தான் கேட்டாள்.

"அக்கா, எல்லாப் பக்கத்துலயும் உள்ள வர்றது யாருன்னு தனித்தனியா சோதிக்கிறீங்களே?"

"ஆமா. பத்திரமா இருக்கணும்ல."

"ஒரே ஒரு மிடில்வேரா எழுதி வரிசையில மேல வச்சிடலாமா? எல்லாம் அதைத் தாண்டித்தானே வரணும்."

பெரியவளுக்கு அது தெரியாதா? தெரியும். ஆரம்பத்தில் அவசரத்தில் எழுதியது, பக்கம் கூடக் கூட ஒட்டி ஒட்டி வந்துவிட்டது. என்றைக்காவது சரி செய்ய வேண்டும் என்று நினைத்திருந்தாள். நம் வீட்டுப் பரணை நாமே ஒழிப்பதாக இருக்கும்போது விருந்தாளி வந்து ஒட்டடை அடித்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

இரவுச் சாப்பாட்டில், ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே மாமியார் ஊருக்கே கேட்கச் சொன்னாள்: "சின்னவ பாதியா குறைச்சுட்டாளாமே!"

"எழுதினது நான், அத்தை."

"எழுதினது நீதான்டி. யார் இல்லைன்னா? அழுக்குத் துணியக் கொண்டு வர்றவங்க வேற, வெளுத்துக் குடுக்குறவங்க வேற."

கொழுந்தன் சிரித்துவிட்டான். புருஷனும் சிரித்தார், பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ரொட்டியைப் பார்த்தார்.

அதோடு விட்டிருந்தால் போயிருக்கும். சின்னவள் இன்னொன்றும் செய்தாள். வரிசையின் கடைசியில் ஒரு மிடில்வேர் வைத்தாள். வழியில் எங்கே தவறு நடந்தாலும் அது அங்கே வந்து விழும். அது 'மன்னிக்கவும், மறுபடி முயலுங்கள்' என்று பணிவாகச் சொல்லி, சர்வர் படுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளும். நல்ல காரியம்தான். ஆனால் அதற்கு முன்னால் எப்படி இருந்தது தெரியுமா? தளம் திடீரென்று செத்துப்போகும். கீழேயிருந்து மாமியாரின் குரல் படியேறி வரும்: "ஏய் பெரியவளே! நின்னு போச்சுடி!" பெரியவள் கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு, பிரசவம் பார்க்கப் போகும் மருத்துவச்சி மாதிரி படியில் பாதி வரை இறங்கி, "யாரும் எதையும் தொடாதீங்க!" என்பாள். இஸ்திரிக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அண்ணாந்து பார்ப்பார். வீடே அவள் முகத்தைப் பார்க்கும்.

இப்போது எதுவும் நிற்பதில்லை. யாரும் கூப்பிடுவதில்லை. ஜன்னலுக்கு வெளியே எதிர்மாடிக் கொடியில் விரிப்புகள் ஆடிக்கொண்டிருந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டு பெரியவள் உட்கார்ந்திருந்தாள்.

"உங்க தம்பி பொண்டாட்டி..." என்று ஒரு மத்தியானம் வேன்காரரிடம் ஆரம்பித்தாள்.

"நல்லாத்தானே வேலை செய்யுது அந்தப் பொண்ணு?"

"நல்லா செய்யறதுதான் பிரச்சினை."

வேன்காரருக்குச் சக்கரம், கியர், முட்டுச்சந்து எல்லாம் விளங்கும். இது விளங்கவில்லை. முட்டையை விழுங்கிவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

அன்றைக்குத்தான் பெரியவள் அதை எழுதினாள். சின்னதுதான். எழுதி வரிசையில், ஆளை அடையாளம் காணும் துண்டுக்கு நேர் கீழே வைத்தாள். வந்திருப்பது சின்னவளின் லாகின் என்றால் இரண்டு விநாடி சும்மா நின்று, பிறகு 'நெக்ஸ்ட்'. வேறு யாராக இருந்தாலும் உடனே 'நெக்ஸ்ட்'. அவ்வளவுதான். ஒருவருக்கும் நஷ்டமில்லை. சாப்பாட்டில் ஒரு கல் போட்ட மாதிரி. பல் உடையாது, ருசி கெடும்.

காலை வேளைகளில் சின்னவள் கவுண்ட்டரில் மாமியார் பக்கத்தில் நின்று டேப்லெட்டில் துணி வரவு போடுவாள். ஒவ்வொரு தடவையும் வட்டம் சுற்றும்.

"உனக்கு மட்டும் ஏம்மா சுத்துது?" என்பாள் மாமியார். "எனக்கு டக்குனு வருதே."

"தெரியலையே அத்தை."

படியின் மேல்முனையில் நின்று பெரியவள் இதைக் கேட்டாள். அன்று டீயில் சர்க்கரை போட மறந்திருந்தாள், அப்படியும் இனித்தது. அந்த வட்டம் சுற்றும் நேரத்தில் கீழே இரண்டு பேரும் ஏதோ பேசிக்கொள்வது மட்டும் காதில் விழும். இரைச்சலில் சொற்கள் தெரியாது. சில சமயம் மாமியார் சிரிப்பது கேட்கும். அவள் சிரிப்பாள் என்பதே பெரியவளுக்குப் புதுச் செய்தி.

அப்படியே ஓடிக்கொண்டிருந்தபோது பெரிய ஹோட்டல் ஒன்றின் வேலை வாசல் வரை வந்தது. விரிப்பு, துண்டு, மேஜைத்துணி, எல்லாம் இந்தக் கடைக்கே. ஆனால் அவர்கள் ஆள் அனுப்பிச் சொல்ல மாட்டார்கள். எல்லாம் தளத்தில்தான் போட்டு, தளத்தில்தான் கேட்பார்கள். அதனால் மேனேஜரம்மா ஒருமுறை நேரில் வந்து அது ஓடுவதைப் பார்க்க வேண்டுமாம்.

மாமியார் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னாள். "இது மட்டும் அமைஞ்சுதுன்னா கவுண்ட்டருக்கு நாள் பூரா இன்னொரு ஆள் வேணும். அதனால ஒருத்தி மேல, ஒருத்தி கீழ. யார் எங்கங்கறத அந்தம்மா வந்துட்டுப் போகட்டும், அப்புறம் சொல்றேன். ஓட்டிக் காட்டுறது சின்னவ."

"நான் காட்டறேனே அத்தை," என்றாள் பெரியவள், மெல்லிய குரலில்.

"நீ பதட்டப்படுவேடி. அவ நிதானம்."

மாடிக்கு வந்த பெரியவள் மேஜையைத் தடவிப் பார்த்தாள். அவள் கோப்பை வைத்து வைத்து வட்டக் கறை பிடித்த மேஜை. இதை விட்டுக் கீழே இறங்கி, ஊராருடைய அழுக்குக் காலுறைகளை எண்ணிக்கொண்டு நிற்க வேண்டும். மேலே சின்னவள் உட்கார்ந்து ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்வாள்.

இரண்டு விநாடி போதாது என்று முடிவு செய்தாள்.

மேனேஜரம்மா வருவதற்கு முந்தின நாள், கடை மூடும் நேரத்தில் எட்டாக்கினாள். மேனேஜரம்மா கொட்டாவி விடுகிற அளவுக்கு எட்டு. அதுவும் எல்லாப் பக்கத்திலும் எட்டு என்றால் சந்தேகம் வரும் என்று, சில பக்கங்களுக்கு மட்டும் வருகிற மாதிரி உள்ளே இன்னும் நிபந்தனைகள் எழுதினாள். இடம் செய்வதற்காக, 'மற்றவர்களுக்கு நெக்ஸ்ட்' என்ற கடைசி வரியை வெட்டி எடுத்தாள், கீழே ஒட்டிக்கொள்ளலாம் என்று. அந்த நேரம் பார்த்துக் கீழேயிருந்து குரல்: "ஏய் பெரியவளே! அந்த டாக்டர் கோட்டு எந்த மூட்டையில போச்சுடி?" இறங்கிப் போய்த் தேடிக் கொடுத்துவிட்டு வந்தாள். வந்து சோதித்தும் பார்த்தாள். அவளுக்கு யார் பெயரிலும் உள்ளே போய்ப் பார்க்கும் வசதி உண்டு. சின்னவள் பெயரில் போனாள். வட்டம் சுற்றியது, சுற்றியது, எட்டாவது விநாடியில் பக்கம் வந்தது. பிரமாதம். வேறொருவர் பெயரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அவள் மனசில் அப்போது வேறு ஒருவரும் இல்லை.

மறுநாள் கடை திறந்த சூட்டோடு மேனேஜரம்மா வந்தாள். இஸ்திரி போட்டாற்போல ஒரு முகம். மாமியார் புது ஏப்ரன் கட்டியிருந்தாள். பெரியவள் படியின் மேல்முனையில், கதவுக்குப் பின்னால்.

"ஆரம்பிங்க," என்றாள் மேனேஜரம்மா. "நானும் என் போன்லயே போட்டுப் பாக்கறேன்."

சின்னவள் டேப்லெட்டைத் தொட்டாள். வட்டம் சுற்றியது. பெரியவள் மனசுக்குள் எண்ணினாள். ஐந்து. ஆறு.

"என்னங்க, என் போன்ல சுத்திக்கிட்டே இருக்கு?" என்றது மேனேஜரம்மாவின் குரல்.

"என்னதுலயும் சுத்துது," என்றாள் மாமியார், தன் போனைத் தட்டிக்கொண்டே.

வாசலிலிருந்து வேன்காரர் ஓடி வந்தார். "அம்மா, எந்த வீட்டுக்குப் போகணும்னே வரமாட்டேங்குது! காலையிலேர்ந்து சுத்துது!"

"எனக்கும் இல்ல," என்றார் இஸ்திரிக்காரர்.

அப்போது சின்னவளின் கையில் மட்டும், ஆற அமர, பக்கம் வந்தது.

"வந்துடுச்சு அத்தை."

பிறகு மாமியாரின் குரல், பெருமை பொங்கிப் படியேறி வந்தது: "பாத்தீங்களா? ஊர் பூரா நின்னு போச்சு, என் சின்ன மருமக கை பட்டா மட்டும் ஓடுது! கொஞ்சம் மெதுவா வரும். ஆனா வரும்!"

பெரியவளுக்குக் காது அடைத்தது. குழி தோண்டியது யாருக்கு, அதில் சிம்மாசனம் போட்டு உட்கார்ந்தது யார்! ஓடிப் போய்த் தன் லாகினில் திறந்தாள். சுற்றியது. அவளுக்கும் சுற்றியது. கடைசியில் வைத்த தவறு பிடிக்கும் மிடில்வேர் ஏன் 'மன்னிக்கவும்' என்று கூடச் சொல்லவில்லை? இதுதான் சாக்கென்று அதைத்தான் முதலில் திறந்தாள். சின்னவள் எழுதியதில்தான் கோளாறு இருக்கும், இருக்க வேண்டும், இருந்தே ஆக வேண்டும். வரி வரியாகத் தேடினாள். சுத்தமாக இருந்தது. பாழாய்ப்போன சுத்தம்.

கீழே மேனேஜரம்மா கைக்கடிகாரத்தைப் பார்ப்பது மாடியிலிருந்தே தெரிந்தது. மாமியார் அவளுக்கு டீ சொன்னாள், பிறகு கூவினாள்: "ஏய் பெரியவளே! நின்னு போச்சுடி!"

எத்தனை நாளாகக் காத்திருந்த குரல். இறங்க முடியவில்லை.

சின்னவள்தான் ஏறி வந்தாள்.

"நகருங்கக்கா கொஞ்சம்."

நகர்ந்தாள். சின்னவள் குனிந்து, வரிசையை மேலிருந்து படித்துக்கொண்டே வந்து ஓர் இடத்தில் நின்றாள்.

"தப்பு நடந்தாத்தானே கடைசிக்குப் போய் விழும்," என்றாள், தனக்குத்தானே சொல்வது போல. "இங்க தப்பே நடக்கல. மூட்டையக் கையில வச்சுக்கிட்டு யாரோ நிக்கறாங்க."

பெரியவள் ஜன்னலைப் பார்த்தாள்.

"இது என் பேருதானேக்கா."

"ம்."

"எட்டா ஆக்கிட்டீங்களா? ரெண்டுதானே இருந்துச்சு."

பெரியவள் சட்டென்று திரும்பினாள். "தெரியுமா உனக்கு?"

"மொத வாரமே பாத்துட்டேன். எல்லாரும் தாண்டிப் போற இடத்துல உக்காத்தி வச்சிருக்கீங்க, கண்ணுல படாமயா இருக்கும்?"

"அப்ப அத்தைகிட்ட ஏன் சொல்லல? சொல்லியிருந்தா என்னை அன்னைக்கே..."

"எதுக்குச் சொல்லணும்?" சின்னவளின் காது மடல் சிவந்தது. "அந்த ரெண்டு செகண்டுலதான் அவங்க என்கிட்ட பேசறாங்க. மத்த நேரமெல்லாம் அத எடும்மா, அடுத்து, இதப் போடும்மா, அடுத்து. அது சுத்தும்போது அவங்களும் சும்மா நிக்கணும்ல? அப்பதான் சாப்டியா, தூங்கினியான்னு ஒரு கேள்வி வரும். போன வாரம் அவங்க சைக்கிள் பந்தயத்துல ஓட்டினத சொன்னாங்க. தினமும் கொஞ்சம் கொஞ்சமா. இன்னும் முடியல."

சைக்கிள் பந்தயம். இத்தனை வருஷமாக ஒரே கூரைக்கு அடியில் இருந்து, அந்த அம்மாவுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியும் என்பது கூடப் பெரியவளுக்குத் தெரியாது.

"உங்களுக்கென்னக்கா," என்றாள் சின்னவள். "வாய் நிறைய 'ஏண்டி'ன்னு திட்டறாங்க. என்னை இன்னும் வாம்மா, போம்மா. வந்த விருந்தாளி எப்ப கிளம்புவான்னு கேக்கற மாதிரியே இருக்கும் எனக்கு."

பெரியவள் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து, வெட்டி எடுத்து ஒட்ட மறந்த வரியை அவளே மறுபடி எழுதினாள். மற்றவர்களுக்கு நெக்ஸ்ட்.

"எட்டு வேணாம்க்கா," என்றாள் சின்னவள். "எட்டு செகண்டுக்கு அவங்ககிட்டயும் பேச்சு இல்ல. ரெண்டே இருக்கட்டும்."

பெரியவள் இரண்டாக்கினாள். சின்னவள் படிக்குப் போய்க் கீழே குனிந்து கத்தினாள், அந்த வீட்டுக் கத்தலாகவே: "அத்தை! அக்கா கண்டுபிடிச்சு சரி பண்ணிட்டாங்க! இப்ப பாருங்க!"

பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. பெரியவளுக்கு அதுதான் பொறுக்கவில்லை. காட்டிக் கொடுத்திருந்தால் ஒரு மூச்சு அழுது, ஒரு மூச்சு சண்டை போட்டு, ஆறியிருப்பாள். பெருந்தன்மையிலும் இவள்தான் முந்திக்கொள்ள வேண்டுமா?

ஹோட்டல் வேலை அமைந்தது. மேனேஜரம்மா போனதும் மாமியார் தீர்ப்பு சொன்னாள்.

"நின்னு போனா எழுப்பத் தெரிஞ்சவ பெரியவ. அவ மேலயே இருக்கட்டும். சின்னவ கீழ."

சின்னவளின் முகத்தில் பல்பு எரிந்தது. பெரியவள் அதையும் கவனித்தாள். தான் இத்தனை பாடுபட்டுக் காப்பாற்றிக்கொண்ட மேஜை, இவள் கேட்கவே கேட்காத மேஜை.

இப்படியாக எல்லாம் அவரவர் விரும்பியபடி ஆயிற்று. ஜன்னல், மேஜை, கறை எல்லாம் பெரியவளுக்கே. கீழே ஹோட்டல் மூட்டைகள் மலையாக வந்தன. வேலை மும்மடங்கு. இஸ்திரிக்காரருக்கு உதவியாக ஒரு அம்மாள் சேர்ந்தாள். மாமியாரின் தொண்டை கட்டிக்கொண்டது, ஆனாலும் நிற்கவில்லை.

ஒரு நாள் பிற்பகல், வெயில் சாய்ந்து எதிர்மாடி விரிப்புகள் மஞ்சளாகத் தெரிந்த நேரம். எந்திரங்கள் ஒன்றாக ஓய்ந்து, வீட்டில் எப்போதாவது வரும் அந்த அமைதி வந்தது. கீழே பேசுவது சொல் சொல்லாகக் கேட்டது.

"ஏண்டி! ஹோட்டல் துண்டையும் டாக்டர் கோட்டையும் ஒரே மூட்டையில கட்டியிருக்கியே, கண்ணு என்ன தலைக்குப் பின்னாடியா இருக்கு?"

பெரியவள் பழக்க தோஷத்தில் எழுந்துவிட்டாள். "நான் இல்லையே அத்தை" என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. பிறகுதான் உறைத்தது, திட்டு அவளுக்கு இல்லை.

"இல்லத்தை, பிரிச்சுத்தான் வச்சேன்," என்று சின்னவளின் குரல். திட்டு வாங்குகிற குரலாகவா அது? பரிசு வாங்குகிற குரல்.

"வச்சா? வச்சிருந்தா ஏண்டி கலக்குது? சரி அதப் போட்டுத் தொலை." ஓர் இடைவெளி. வட்டம் சுற்றுகிறது போல. "என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்? ஆங், அந்தத் திருப்பத்துல எனக்குச் சங்கிலி கழண்டுடுச்சுடி. பின்னாடி வந்தவ என்னைத் தாண்டிப் போறா..."

எந்திரம் ஒன்று மறுபடி சுற்ற ஆரம்பித்தது. தாண்டிப் போனவள் என்ன ஆனாள் என்பது மாடிக்குக் கேட்கவில்லை.

சற்று நேரத்தில் படியடியிலிருந்து மாமியாரின் குரல், இதுவரை இல்லாத பதமாக வந்தது. "மேல இருக்கியே, உனக்கு டீ வேணுமாம்மா?"

'ம்மா.'

இதற்காகத்தானே அன்றைக்கு அத்தனை எரிந்தாள். இப்போது கிடைத்துவிட்டது. வாடகைக்கு வந்தவளைக் கேட்பது போல இருந்தது.

"வேணாம் அத்தை," என்றாள். உட்கார்ந்தாள். நிரலைத் திறந்து வரிசையில் கண்ணை ஓட்டினாள். அந்த இரண்டு விநாடித் துண்டு நிரல் இருந்த இடத்தில் நின்றாள். அதை மேலிருந்து கீழ் வரை தேர்ந்தெடுத்து, ஒரே விரலால் அழித்தாள்.

மறுநாளிலிருந்து தளம் எல்லோருக்கும் ஒரே வேகத்தில் பறந்தது. அந்த வரிசையில் இப்போது தேவையில்லாத ஒரு வரி கிடையாது. எழுதத் தெரிந்த யார் பார்த்தாலும் மெச்சுவார்கள். மாமியாரே மெச்சினாள். "பெரியவ என்ன பண்ணாளோ, தொட்டதும் வருது. பேச நேரமில்ல! அடுத்து!"

மாலையில் சின்னவள் படியேறி வந்து கதவோரம் நின்றாள். புறங்கையில் எண் கட்டும் மையின் கறை.

"அக்கா, அந்த ரெண்டு செகண்ட் எங்க?"

பெரியவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எந்த ரெண்டு செகண்ட்?" என்றாள், மெல்லிய குரலில்.